சிரிக்காதவரைப் படமெடுக்காத கமரா

சேதம் பார்க்கிற வேலையில் சேறு பழகிவிடும், வெயில் பழகிவிடும், வீட்டுக்காரரின் அழுகைகூட ஒரு கட்டத்தில் பழகிவிடும். அலுவலகம் கையில் தருகிற சாமான் மட்டும் கடைசிவரை பழகாது.

நான் மட்டக்களப்பில் ஒரு காப்புறுதி நிறுவனத்தின் கள உத்தியோகத்தர். மரம் விழுந்த கூரை, உடைந்த வள்ளம், யானை மிதித்த வயல், செத்த மாடு என்று எங்கே என்ன நடந்தாலும் ஸ்கூட்டரில் போய்ப் பார்த்து, அளந்து, படமெடுத்து, அறிக்கை எழுதுவது என் வேலை. முந்தி என்னுடைய போனில்தான் படமெடுத்தேன். ஒரு குறையும் இருக்கவில்லை. வேறொரு மாவட்டத்தில் யாரோ ஒருவர் ஒரே கூரையின் படத்தை மூன்று பேருடைய நட்டஈட்டுப் பைலுக்குள், அதாவது கோவைக்குள், வைத்துப் பிடிபட்டுப் போனார். உடனே கொழும்புத் தலைமை அலுவலகம் சுற்றறிக்கை அனுப்பியது. இனிப் போனில் எடுத்த படம் செல்லாது. கிளைக்கு ஒரு டிஜிட்டல் கமரா வரும். படத்தின் மூலையில் திகதி விழ வேண்டும். காப்புறுதி எடுத்தவர் சேதத்துக்குப் பக்கத்தில் முகம் தெரிய நிற்க வேண்டும்.

வந்தது சவர்க்காரக் கட்டி அளவில் ஒரு வெள்ளி நிறக் கமரா. அது சட்டைப் பைக்குள் அடங்கும் என்று பெட்டியில் பெருமையாக அச்சடித்திருந்தார்கள். அது அடங்கியது அந்த ஒரு இடத்தில் மட்டும்தான்.

உங்களில் பலர் இப்படி ஏதாவதொரு அலுவலகச் சாமானோடு மல்லுக்கட்டியிருப்பீர்கள். தாளைக் கவ்விக்கொண்டு விடாத பிரிண்டர், உங்கள் விரலை உங்கள் விரலென்று ஒப்புக்கொள்ளாத வரவுப் பதிவு மெசின், ஏதோ ஒன்று. உங்களுக்காகத்தான் இதை எழுதுகிறேன். மற்றவர்கள் நான் கூட்டிச் சொல்கிறேன் என்றுதான் நினைப்பார்கள்.

நாலு தரம்

முதல் வேலை நாவற்குடாவில். ஓய்வுபெற்ற தபால் உத்தியோகத்தர் நல்லதம்பி ஐயாவின் பலாமரம் காற்றுக்கு முறிந்து சமையலறைக் கூரையில் படுத்திருந்தது. அவர் படமெடுக்கிறார்கள் என்று கேள்விப்பட்டு, வெள்ளைச் சேட்டை அயன் பண்ணிப் போட்டுக்கொண்டு, முறிந்த மரத்தடியில் அடையாள அட்டைக்கு நிற்பதுபோல மூச்சைப் பிடித்துக்கொண்டு நின்றார். நான் பொத்தானை அமத்தினேன். கமரா ‘சர்ர்’ என்று மூக்கை உள்ளே இழுத்துக்கொண்டு அணைந்து போனது.

கமராவின் தலையில் இரண்டு பொத்தான்கள். ஒன்று படமெடுக்க, மற்றது கமராவை நிறுத்த. இரண்டும் பக்கத்தில் பக்கத்தில். இரண்டும் ஒரே வட்டம், ஒரே அளவு, ஒரே வழுவழுப்பு. கமராவை வைத்திருக்கிற மனிசர் அமத்தப் போகிற பொத்தான் உலகத்தில் ஒன்றே ஒன்றுதான். அதைத் தேடி வருகிற விரலுக்குக் குறுக்கே, வேலையை நிறுத்துகிற பொத்தானைக் கொண்டுபோய் வைக்க ஒருவர் படித்து, பரீட்சை எழுதி, சம்பளமும் வாங்கியிருக்கிறார். திரும்ப அது விழித்து மூக்கை நீட்ட எடுக்கும் நேரத்தில் நல்லதம்பி ஐயா மூச்சை விட்டு, மீண்டும் இழுத்து, மீண்டும் பிடித்தார். நான் மீண்டும் பிழையானதை அமத்தினேன். ஐந்தாவது தடவைதான் படம் விழுந்தது. அவர் கையிலிருந்த லேஞ்சியால் நெற்றியைத் துடைத்துக்கொண்டு, கோபமில்லாமல் சொன்னார்:

“மரம் ஒருக்காத்தான் விழுந்தது மிஸ். இது நாலு தரம் விழுந்திட்டு.”

ஒரு பொட்டுப் பசை

எங்கள் கிளையில் கோவைகளைப் பார்ப்பவர் டெஸ்மன் அண்ணன். போர்த்துக்கேயர் வழிவந்த பறங்கியர். தகப்பனும் பெரியப்பாவும் டவுனில் தளபாடம் செய்த ஆட்கள். எந்தச் சாமானைக் கொடுத்தாலும் முதலில் கவிழ்த்து அடிப்பக்கம் பார்ப்பது அவருடைய குடும்பப் பழக்கம். நான் நாவற்குடாக் கதையைச் சொன்னதும் அவர் கமராவை வாங்கி, படமெடுக்கிற பொத்தானின் தலையில் ஈர்க்கால் ஒரு பொட்டுப் பசை வைத்து, காற்றாடிக்குக் கீழே காய விட்டார். காய்ந்ததும் அது மரு மாதிரித் தடித்துக்கொண்டு நின்றது. அதற்குப் பிறகு என் விரல் கண்ணை மூடிக்கொண்டும் சரியான இடத்துக்குப் போனது. தொழிற்சாலைக்குத் தோன்றாத விசயம் ஒரு ஈர்க்கில் இருந்தது.

நான் நன்றி சொன்னேன். அவர் அதைக் காதில் வாங்கவில்லை. அந்த இரண்டு பொத்தான்களையும் பார்த்துக்கொண்டே இருந்தார். பிறகு சொன்னார்:

“எங்கட அப்பா அலுமாரி செய்யக்குள்ள கதவையும் இழுக்கிற லாச்சியையும் பிரிச்சறிய ஏலாமச் செய்திருந்தா, வாங்கின மனுசன் அந்த அலுமாரிய அப்பாட தலையிலேயே போட்டிருப்பான், தங்கச்சி.”

வாகரையில் என் முகம்

வாகரை மட்டக்களப்பிலிருந்து வடக்கே ஒரு முழு நாள் வேலை. போய் வரவே பாதிப் பொழுது போகும். அங்கே மரியதாஸ் என்பவருடைய வள்ளம் கடலுக்கடியில் கிடந்த கற்பாரில் மோதி அடி பிளந்து கரையில் கிடந்தது. நேரம் பதினொரு மணி. மணல், கடல், வானம் மூன்றும் வெள்ளையாக எரிந்தன. நான் கமராவைத் தூக்கிப் பிடித்தேன். திரையில் தெரிந்தது என் முகம். வியர்வை, தலைக்கவசம் அமத்தின தலைமயிர், சுருங்கின கண் எல்லாம் துலக்கமாகத் தெரிந்தன. வள்ளம் மட்டும் தெரியவில்லை.

பழைய கமராக்களில் கண்ணை வைத்துப் பார்க்க ஒரு சின்ன ஓட்டை இருந்தது உங்களுக்கு நினைவிருக்கும். அதை அடைத்துவிட்டு, பின்பக்கம் முழுவதும் கண்ணாடி மாதிரிப் பளபளக்கிற திரை போட்டிருக்கிறார்கள். கடையில், குளிரூட்டிய அறையில், விளக்குக்குக் கீழே பார்க்க அது அழகாகத்தான் இருக்கும். வெயிலில் வேலை செய்கிற ஆட்களும் படமெடுப்பார்கள் என்பது செய்தவர்களுக்கு யாரும் சொல்லாத செய்தி போலும். மரியதாஸின் மனைவி கறுப்புக் குடையை விரித்து என் தலைக்கு மேலே பிடித்தார். மரியதாஸ் தன் துவாயை என் பிடரியில் போட்டு இரண்டு பக்கமும் தொங்க விட்டார். அந்தக் கூடாரத்துக்குள் நின்று, குத்துமதிப்பாகப் பன்னிரண்டு படம் எடுத்தேன்.

அலுவலகத்துக்கு வந்து கணினியில் போட்டால், மூன்றில் வானம், இரண்டில் குடையின் ஓரம், ஒன்றில் என் கால். மற்றதுகளில் மரியதாஸ் தலையில்லாமல் நின்றார். வள்ளத்தின் பிளவு ஒன்றிலும் இல்லை. மறு கிழமை காலமை ஆறு மணிக்கே வெளிக்கிட்டு, வெயில் ஏற முதல் போய்ச் சேர்ந்தேன். வள்ளத்தடியிலேயே காத்துக்கொண்டிருந்த மரியதாஸ் என்னைக் கண்டதும் சொன்னார்:

“எங்கட ஆக்கள் தண்ணிக்குள்ள மீன் நிக்கிற இடத்தக் கரையில நிண்டே சொல்லுவாங்க மிஸ். கரையில கிடக்கிற வள்ளம் தெரியாத சாமான இப்பத்தான் காணுறன்.”

வெல்லாவெளி

இனிச் சொல்லப் போவது சிரிப்புக் கதை போலத் தொடங்கும். நான் அன்றைக்குச் சிரிக்கவில்லை.

பெரும்போக வெள்ளாண்மை அறுவடைக்குப் பத்து நாள் இருக்கும்போது வெல்லாவெளிப் பக்கம் யானை இறங்கியது. தம்பிராசா என்பவருடைய வயல், வயல்வெளி முடிகிற வட்டைக் கரையில், காட்டோடு சேர்ந்தாற்போல இருந்தது. முழுதும் போய்விட்டது. தின்றதைவிட மிதித்தது கூட. கதிர் எல்லாம் சேற்றுக்குள் அமுங்கி, ஒவ்வொரு கால் தடத்திலும் ஒரு சட்டித் தண்ணீர் நின்றது. தம்பிராசா ஐம்பது வயது ஆள். அதிகம் பேசமாட்டார். வரம்பில் நின்று எனக்கு எல்லையைக் காட்டிவிட்டு, சொல்லாமலே வயலுக்குள் இறங்கி நடுவில் போய் நின்றார். மனைவி பாக்கியம் என்னோடு வரம்பில் நின்றார்.

கமராவைத் தூக்கினேன். அமத்தினேன். படம் விழவில்லை. அணையவும் இல்லை. பேசாமல் பார்த்துக்கொண்டிருந்தது. இந்தக் கமராவின் தலையில் ஒரு சின்னச் சில்லும் உண்டு. அதைத் திருப்பினால் பனிக்கு ஒன்று, பட்டாசுக்கு ஒன்று, பூனை நாய்க்கு ஒன்று, சாப்பாட்டுத் தட்டுக்கு ஒன்று என்று விதவிதமாகப் படமெடுக்கலாம். மட்டக்களப்பில் எந்தக் காலத்தில் பனி பெய்யப் போகிறது என்று தெரியவில்லை, ஆனாலும் அதற்கு ஆயத்தமாக இருக்கிறோம். இந்தச் சில்லுக்குப் பூட்டு இல்லை. பைக்குள் துணி உரசினாலே தானாகச் சுற்றிக் கிறுகிவிடும். அன்றைக்கு அது கிறுகி நின்ற இடத்தில் மஞ்சள் நிறத்தில் ஒரு சிரிக்கிற முகம். எதிரே நிற்பவர் சிரித்தால் தானாகப் படமெடுக்கும், சிரிக்கும்வரை எடுக்காது. நான் சில்லைத் திருப்பிப் பார்த்தேன். சேற்றுக் கை வழுக்கியது. அது திரும்பத் திரும்ப அந்த மஞ்சள் முகத்திலேயே வந்து நின்றது. பற்றரி அடையாளத்தில் மூன்று கோடும் நிறைவாக இருந்ததால் நான் அவசரப்படவும் இல்லை.

“என்ன மிஸ், எடுபடுதில்லயா?” என்று பாக்கியம் கேட்டார்.

எனக்குப் பொய் வரவில்லை. “அவர் சிரிச்சாத்தான் எடுக்குமாம் அக்கா” என்றேன்.

பாக்கியம் என்னைப் பார்த்தார். கமராவைப் பார்த்தார். பிறகு அழிந்து கிடந்த வயலுக்கு நடுவில் கட்டை மாதிரி நின்ற புருசனைப் பார்த்து, அவருக்கும் கேட்கும்படி சொன்னார். அதைக் கேட்டதும் தம்பிராசாவுக்கு என்ன வந்ததோ, தலையைக் குனிந்துகொண்டு தோள் குலுங்கி, பிறகு நிமிர்ந்து வாய்விட்டுச் சிரித்துவிட்டார். கமரா ‘கிளிக்’ என்றது. அடுத்த படத்துக்கு நான் அமத்தியபோது, மூன்று கோடும் அப்படியே இருக்க, பற்றரி செத்துப் போனது. பாக்கியம் சொன்னது இதுதான்:

“கலியாணம் கட்டி இருவத்தாறு வருசமா என்ட முகத்தப் பாத்துச் சிரிக்காத மனுசன், இந்த மெசினுக்கா சிரிக்கப் போறார்?”

விளக்கம் தருக

என்னிடம் இருந்தது அந்த ஒரே படம். திகதி இருந்தது, முகம் இருந்தது, சேதம் இருந்தது. விதிப்படி எல்லாம் சரி. அனுப்பினேன்.

இரண்டு கிழமையில் கோவை திரும்பி வந்தது. மேலே சிவப்பு மையில் ஒரு குறிப்பு: காப்புறுதிதாரர் சேதத்தின் நடுவே மிகுந்த மகிழ்ச்சியுடன் காணப்படுகிறார், விளக்கம் தருக. எங்கள் முகாமையாளர் அருளானந்தம் சேர் பயந்த சுபாவம் உள்ளவர். மேலிடத்துக்கு எதிராக அவர் ஒரு சொல் பேசி நான் கேட்டதில்லை. அந்தக் குறிப்பை மூன்று தரம் வாசித்தார். தம்பிராசாவைப் படத்தில் பார்த்தார். அவருடைய காலடியில் இருந்த வயலையும் பார்த்தார். மூக்குக் கண்ணாடியைக் கழற்றி மேசையில் வைத்தார்.

“வெள்ளத்தில நிக்கிறவனப் பாத்து ஏன் நனைஞ்சாய் எண்டு கேக்கிற ஆக்கள்” என்று மெல்லச் சொன்னார். பிறகு கதவு மூடியிருக்கிறதா என்று பார்த்துவிட்டு என்னிடம்:

“நான் இப்பிடிச் சொன்னன் எண்டு ஒருத்தருக்கும் சொல்லிராதீங்க.”

யானை வந்த வருசம்

விளக்கத்துக்குப் பதிலாகப் புதுப் படம் எடுக்க இரண்டாம் தரம் போனபோது ஆயத்தமாகவே போனேன். சில்லை ஒட்டுத் தாளால் ஒட்டினேன். பற்றரியைக் கழற்றி விடிய விடிய சார்ஜில் போட்டேன். வெல்லாவெளியில் வரம்பில் நின்று பற்றரியைத் திரும்பப் போட்டதும் திரையில் ஏதோ ஒரு கேள்வி பொடி எழுத்தில் வந்தது. வெயிலில் ஒன்றும் தெரியவில்லை. எதையோ அமத்தி அதைப் போக்கிவிட்டேன். தம்பிராசா இந்த முறை மரணவீட்டில் நிற்பதுபோல நின்றார். சிரிப்பு வந்துவிடக்கூடாதென்று பாக்கியத்தை வீட்டிலேயே விட்டுவிட்டு வந்திருந்தார். ஆறு படம். எல்லாம் துலக்கம்.

கமரா கேட்ட கேள்வி, இன்றைக்கு என்ன திகதி என்பது. பற்றரியைக் கனநேரம் கழற்றி வைத்தால் அதற்குத் திகதி மறந்துவிடும். நான் அமத்தியதை வைத்து, அது பிறந்த வருசத்தின் ஜனவரி முதலாம் திகதியை எடுத்துக்கொண்டு, ஆறு படத்தின் மூலையிலும் மஞ்சள் எழுத்தில் பதித்துவிட்டது. என் கண்ணிலும் அது படவில்லை. அது என் பிழை, அதை நான் மறைக்கவில்லை. கொழும்பின் கண்ணில் பட்டது. சேதம் காப்புறுதி எடுப்பதற்குப் பல வருசத்துக்கு முன்பே நடந்திருக்கிறது, மோசடி என்று சந்தேகிக்கப்படுகிறது, நட்டஈடு நிறுத்தி வைக்கப்படுகிறது என்று கடிதம் வந்தது. சிறுபோகத்துக்குத் தண்ணி திறக்க மூன்று கிழமை இருந்தது. அதற்குள் நட்டஈட்டுக் காசு கைக்கு வராவிட்டால் தம்பிராசா வயலை இன்னொருவருக்குக் குத்தகைக்குக் கொடுத்துவிட்டு, அதே வயலில் கூலிக்கு நிற்க வேண்டும். இதை அவர் என்னிடம் சொல்லவில்லை. பாக்கியம் போனில் சொன்னார்.

கடிதத்தை நானே கொண்டுபோய்க் கொடுத்தேன். தபாலில் அனுப்ப மனம் வரவில்லை. தம்பிராசா வாசலில் நின்றபடியே வாசித்தார். மோசடி என்ற சொல்லில் அவருடைய விரல் கொஞ்ச நேரம் நின்றது. ஏச்சு விழும் என்று நான் காத்திருந்தேன். அதுதான் நியாயமாகவும் இருந்திருக்கும். அவர் கடிதத்தை மடித்து என்னிடம் நீட்டினார்.

“அந்த வருசம் நான் கட்டாருல மிஸ். யானை என்னத் தேடி வந்து, ஆளக் காணாமப் போயிருக்கும்.”

காவல்காரன்

நான் அலுவலகத்துக்கு வந்து அழுதேன். டெஸ்மன் அண்ணன் தேத்தண்ணி வாங்கித் தந்துவிட்டு, கமராவோடு வந்த சின்னப் புத்தகத்தை எடுத்து முதல் பக்கத்திலிருந்து வாசிக்கத் தொடங்கினார். எங்கள் கிளையில் அதை வாசித்த முதல் ஆள் அவர்தான். மத்தியானத்துக்குப் பிறகு விசயத்தைக் கண்டுபிடித்தார். கமராவுக்குள் மணிக்கூட்டுக்கென்று தனியாக ஒரு குட்டிப் பற்றரி இருக்கிறது. பெரிய பற்றரி உள்ளே இருந்தால்தான் அதற்குச் சார்ஜ் ஏறும். பெரிய பற்றரிக்குச் சார்ஜ் ஏற்ற வேண்டுமென்றால் அதை வெளியே எடுக்க வேண்டும். வெளியே கனநேரம் இருந்தால் குட்டி செத்துவிடும். அதாவது ஒன்றுக்குச் சாப்பாடு கொடுக்கும்போதெல்லாம் மற்றது பட்டினி.

இதையெல்லாம் விளக்கமாக எழுதி, புத்தகத்தின் அந்தப் பக்கத்தையும் பிரதி எடுத்து வைத்து, கொழும்பில் இருந்து யாராவது நேரில் வந்து வயலைப் பார்க்க வேண்டும் என்று ஒரு கடிதம் அடித்தோம். அருளானந்தம் சேர் அதில் கையெழுத்து வைக்க முதல் நீண்ட நேரம் பேனையைப் பிடித்துக்கொண்டு இருந்தார். பிறகு வைத்தார். அந்தக் கையெழுத்துக்கு அவர் எவ்வளவு தைரியம் செலவழித்தார் என்பது எங்களுக்குத் தெரியும். டெஸ்மன் அண்ணன் கடித உறையை ஒட்டிக்கொண்டே சொன்னார்:

“சாப்பிடப் போனாத் தன்ட பேரையே மறந்திர்ற ஒருத்தனக் காவலுக்கு வச்சிரிக்கம், தங்கச்சி.”

நாய் வந்த விசயம்

கொழும்பிலிருந்து பதில் வரும்வரை மற்ற வேலைகள் நிற்கவில்லை. ஏறாவூருக்கு மேற்கே மேய்ச்சல் தரையில் இஸ்மாயில் காக்காவின் எருமைப் பட்டியைப் புதிதாகக் காப்புறுதிக்கு எடுக்க இருந்தது. ஒவ்வொரு எருமையின் காதிலும் இலக்கத் தகடு குத்தியிருக்கும். அதைக் கிட்டப் போய்ப் படமெடுக்க வேண்டும்.

காலமை திகதியைச் சரிப்படுத்தும்போது என் பெருவிரல் பின்பக்கத்து வளையத்தில் பட்டு வேறெதையோ மாற்றியிருக்கிறது. படமெடுக்கும்போது கேட்கிற சத்தத்துக்கு மட்டும் இந்தக் கமராவில் ஐந்து தெரிவு இருக்கிறது. திகதியை நினைவில் வைக்கத் தெரியாதவர்கள் சத்தத்துக்கு ஐந்து வகை செய்திருக்கிறார்கள். அதில் ஒன்று நாய் குரைப்பது. நான் ஒரு தாய் எருமையின் காதுக்கு ஒரு முழத்தில் நின்று அமத்தினேன். கமரா குரைத்தது. அந்த எருமைக்குக் கன்று பிறந்து மூன்று நாள்.

நான் ஓடினேன். வாவிக் கரைச் சேற்றில் இடுப்பளவுக்கு இறங்கிய பிறகுதான் நின்று திரும்பிப் பார்த்தேன். கமரா என் கையில் உயரத் தூக்கியபடி இருந்தது. அதை ஏன் காப்பாற்றினேன் என்று இன்றைக்கும் தெரியவில்லை. இஸ்மாயில் காக்கா எருமையை விரட்டி அடக்கிவிட்டுக் கரைக்கு வந்து எனக்குக் கம்பை நீட்டினார்.

“நாயோட வாறண்டு ஒரு வார்த்த செல்லியிருந்தா, கண்டு போட்டதக் கட்டிப் போட்டிருப்பனே மிஸ்.”

கணேசன் சேரின் படம்

கடைசியில் கொழும்பிலிருந்து நட்டஈட்டுப் பிரிவின் பெரியவர் கணேசன் சேர் நேரிலேயே வந்தார். இந்தக் கமராக்களை எல்லாக் கிளைக்கும் வாங்கச் சொல்லிச் சிபாரிசு செய்தவர் அவர்தான் என்பதை வாகனத்துக்குள் அவரே எங்களுக்குச் சொன்னார். கமராவில் பிழை இல்லை, பாவிக்கிறவர்களின் பழக்கத்தில்தான் பிழை என்றும் சொன்னார். வெல்லாவெளி போய்ச் சேரும்வரை நான் கமராவை மடியில் வைத்துக்கொண்டு வந்தேன். அருளானந்தம் சேர் வெளியே பார்த்துக்கொண்டு வந்தார்.

வயலில் நெல் இல்லை, புல் ஏறியிருந்தது. ஆனால் யானைத் தடங்கள் காய்ந்து கல்லுப்போல அப்படியே இருந்தன. தம்பிராசாவும் பாக்கியமும் வரம்பில் நின்றார்கள். கணேசன் சேர் தடங்களை ஒவ்வொன்றாகப் பார்த்தார். கால் வைத்து அளந்தும் பார்த்தார். பிறகு என்னிடம் கையை நீட்டினார். கமராவைக் கொடுத்தேன்.

பசைப் பொட்டு உள்ள பொத்தான் பழுது என்று நினைத்து அவர் வழுவழுப்பாக இருந்ததை அமத்தினார். கமரா மூக்கை இழுத்துக்கொண்டது. திரும்பப் போட்டார். வெயிலுக்குத் திரையில் அவருடைய முகமே தெரிந்தது. பாக்கியம் குடையைக் கொண்டுபோய்ப் பிடித்தார். அவர் சில்லில் இருந்த ஒட்டுத் தாளை உரித்தார். சில்லு கிறுகியது. திரை நீலமாக மாறியது. அது பனிக்கு உரியது. திருப்பினார். இப்போது சிரிப்பு. தம்பிராசா முன்னே பார்த்தபடி அசையாமல் நின்றார். படம் விழவில்லை. மூன்று கோடும் நிறைவாக இருக்கும்போதே பற்றரி செத்தது.

கணேசன் சேர் வியர்வையில் ஒட்டின சேட்டைப் பிடரியில் இழுத்து விட்டார். பிறகு கமராவை என்னிடம் தந்துவிட்டு, காற்சட்டைப் பைக்குள் கையை விட்டுத் தன் போனை எடுத்து, ஒரே ஒரு படம் எடுத்தார். அருமையான படம். தம்பிராசாவின் முகத்தில் இருந்த மயிர்க்கால்கூடத் தெரிந்தது. அந்தக் கிழமையே கோவையில் கையெழுத்து விழுந்தது. மோசடி என்ற சொல் இருந்த கடிதத்தைத் திரும்பப் பெறுவதாக ஒரு வரி எழுதித் தரும்படி நான் கேட்டேன். அதையும் தந்தார். தண்ணி திறக்க நாலு நாள் முந்தி தம்பிராசாவின் கைக்கு எல்லாம் போய்ச் சேர்ந்தது. வயல் அவருடைய கையிலேயே நின்றது.

திரும்பி வரும்போது, வாகனத்தில் ஏறுவதற்கு முன், கணேசன் சேர் என்னை ஒரு பக்கமாகக் கூப்பிட்டுக் குரலைத் தணித்துச் சொன்னார்:

“அறிக்கையில, அலுவலகக் கமராவால எடுத்த படம்னு போட்டுருங்க மிஸ்.”

திருந்திய பதிப்பு

இரண்டு மாதம் கழித்துச் சுற்றறிக்கை வந்தது. கள உத்தியோகத்தர்களின் சிரமங்களைக் கருத்தில் கொண்டு கமராக்கள் மாற்றப்படுகின்றன என்று எழுதியிருந்தது. புதியது முந்தியதைவிட மெல்லியது. பொத்தானே இல்லை. எல்லாம் திரையைத் தொட்டுத்தான் செய்ய வேண்டும். விரல் ஈரமாக இருந்தால் தொட்டது தெரியாது, சேறாக இருந்தால் தொடாததையும் தொட்டதாக எடுத்துக்கொள்ளும். நான் போகிற இடங்களில் என் விரல் இந்த இரண்டில் ஒன்றாகத்தான் இருக்கும். டெஸ்மன் அண்ணன் அதைச் சுற்றிச் சுற்றிப் பார்த்தார். பசை வைக்க ஒரு இடம் தேடினார் என்று நினைக்கிறேன்.

“இதில பிழையா அமத்த ஒரு பொத்தானும் இல்ல, தங்கச்சி. சரியா அமத்தவும் இல்ல.”

இவ்வளவுக்கும் பிறகு நான் கண்டது ஒன்றுதான்: வாங்குகிறவர் ஒருவரும் பாவிக்கிறவர் இன்னொருவருமாக இருக்கும்வரை, செய்கிறவருக்கு வெட்கப்பட ஒரு காரணமும் கிடைக்கப் போவதில்லை.